கே.எஸ். கிருஷ்ணன்: வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியலாளரின் ஆய்வுகளை இன்று யாரெல்லாம் இலவசமாகப் படிக்கலாம்?

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம். சர் சி.வி. ராமனின் பெயர் எல்லாப் பள்ளிகளிலும் ஒலிக்கும் நாள். ஆனால் ராமன் விளைவை உலகத்துக்கு முதன்முதலில் சொன்ன கட்டுரையை எடுத்துப் பார்த்தால், அதில் ராமனின் பெயரோடு இன்னொரு பெயரும் இருக்கும். கே.எஸ். கிருஷ்ணன். மதுரையில் கல்லூரிப் படிப்பைத் தொடங்கியவர். இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்காரர்.

ஒரு கண்டுபிடிப்பு எப்போது உலகத்துக்குச் சொந்தமாகிறது? ஆய்வுக்கூடத்தில் கண்ணில் பட்ட நிமிடமா, இல்லை அதைப் பற்றிய கட்டுரை மற்றவர்கள் கைக்குப் போய்ச் சேரும் நாளா? 'ஓபன் ஆக்சஸ்' என்று இன்று பேசப்படும் விவகாரத்தின் மையமே இந்தக் கேள்விதான். அந்தச் சொல் புழக்கத்துக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, கிருஷ்ணனின் வாழ்க்கையில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்து நின்றது.

யார் இந்த கே.எஸ். கிருஷ்ணன்?

முழுப் பெயர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன். 1898 டிசம்பர் 4-ம் தேதி வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரைக்குத் தென்மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர். சதுரகிரி மலைக்குப் போகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஊரும்கூட. அப்பா விவசாயி. தமிழும் சமஸ்கிருதமும் நன்கு படித்தவர்.

பள்ளிப் படிப்பு ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளியில். அடுத்து மதுரை அமெரிக்கன் கல்லூரி. அங்கிருந்து சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. பிறகு கல்கத்தா, டாக்கா, அலகாபாத், டெல்லி என்று நீண்டது அவருடைய பயணம்.

1940-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர். 1946-ல் சர் பட்டம். 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். 1954-ல் பத்மபூஷண். 1958-ல் முதன்முதலாக வழங்கப்பட்ட பட்நாகர் விருதைப் பெற்றவரும் இவரே. 1961 ஜூனில், 62 வயதில் காலமானார். இவ்வளவு இருந்தும், தமிழ்நாட்டில் இவர் பெயரைச் சொன்னால் யார் என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

ஏற்கெனவே இருந்த கருவியை மறுபடி கண்டுபிடித்த சிறுவன்

ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளியில் ஒருநாள் ஆர்க்கிமிடீஸ் தத்துவம் பற்றிய பாடம். அதை வைத்துக் கட்டுரை எழுதிய கிருஷ்ணன், பாடத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பொருட்களின் அடர்த்தியை அளக்க ஒரு கருவியைத் தானே யோசித்து அதில் விவரித்திருந்தார்.

ஆசிரியர் படித்துப் பார்த்தார். யோசனை சரிதான். ஆனால் அப்படி ஒரு கருவி ஏற்கெனவே இருந்தது. நிக்கல்சன் நீர்மானி என்று அதற்குப் பெயர். இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் நிக்கல்சன் 18-ம் நூற்றாண்டிலேயே அதை உருவாக்கிவிட்டார்.

ஒரு பள்ளி மாணவன் அதைத் தானே யோசித்தான் என்பது பெருமைக்குரியது, சந்தேகமே இல்லை. ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. உலகம் எதையெல்லாம் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டது என்ற தகவல் கைக்கு எட்டாத இடத்தில், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் முதல் படியில் இருந்துதான் ஏறணும். மற்றவர்கள் எழுதியதைப் படிக்க முடிந்தவர்கள் பத்தாவது படியில் இருந்து ஏறுவார்கள்.

மதிய இடைவேளையில் ஒரு திறந்த வகுப்பு

படிப்பை முடித்ததும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலேயே வேதியியல் துறையில் செய்முறைப் பயிற்றுநராக வேலைக்குச் சேர்ந்தார் கிருஷ்ணன். அப்போது அந்தக் கல்லூரி தாம்பரத்தில் இல்லை. நகரத்தின் நடுவே, பாரிமுனைப் பக்கத்தில் இருந்தது.

மதிய உணவு இடைவேளையில் அவர் ஒரு வேலை செய்தார். இயற்பியல், வேதியியல், கணிதம் என எந்தப் பாடத்தில் சந்தேகம் இருந்தாலும் மாணவர்கள் வந்து கேட்கலாம். பாடத்திட்டம் கிடையாது, வருகைப் பதிவு கிடையாது. விஷயம் பரவியதும் மற்ற கல்லூரி மாணவர்களும் வர ஆரம்பித்தார்கள்.

எந்தக் கல்லூரியில் பணம் கட்டிப் படிக்கிறாய் என்பது அங்கே ஒரு தகுதியாகப் பார்க்கப்படவில்லை. கேள்வி இருக்கிறதா என்பது மட்டும்தான் கணக்கு.

கல்கத்தாவில் என்ன நடந்தது?

1920-ல் கிருஷ்ணன் கல்கத்தாவுக்குப் போனார். 1923-ல் ராமனின் ஆய்வுக் குழுவில் சேர்ந்தார். குழு இயங்கிய இடம், பவுபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். சுருக்கமாக ஐ.ஏ.சி.எஸ்.

இந்தக் கழகத்தின் கதையும் சுவாரசியமானது. மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876-ல் இதைத் தொடங்கினார். அரசாங்கத்தை நம்பாமல், மக்கள் கொடுத்த நன்கொடையில் உருவான அமைப்பு. இந்தியர்கள் தங்கள் சொந்த முயற்சியில் அறிவியல் செய்யணும், பொதுமக்களும் வந்து சொற்பொழிவு கேட்கணும் என்பதுதான் நோக்கம். அரசின் நிதித் துறையில் அதிகாரியாக இருந்த ராமன், வேலை நேரத்துக்கு முன்னும் பின்னும் வந்து ஆய்வு செய்ததும் இங்கேதான்.

அப்போது ஒரு பெரிய சிக்கல் இருந்தது. நல்ல ஆய்விதழ்கள் எல்லாம் லண்டனிலும் பெர்லினிலும் அச்சாயின. கல்கத்தாவில் இருந்து கட்டுரை கப்பலில் போகணும். அங்கே அச்சாகும் இதழ் திரும்பக் கப்பலில் வரணும். இந்த இடைவெளியில் அதே விஷயத்தை வேறு யாராவது எழுதிவிட்டால் கதை முடிந்தது.

இதற்கு ராமன் கண்ட வழி, சொந்தமாக ஓர் இதழ். 1926-ல் ஐ.ஏ.சி.எஸ். சார்பில் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' தொடங்கியது. இரண்டே வருடத்தில் அந்த இதழுக்கு மிகப் பெரிய வேலை வந்து சேர்ந்தது.

1928 பிப்ரவரி: கண்டது என்ன?

ஒரே நிறமுள்ள ஒளியை ஒரு திரவத்துக்குள் அனுப்பினால் அது நாலாபக்கமும் சிதறும். சிதறிய ஒளியில் பெரும்பகுதி அதே நிறத்தில்தான் இருக்கும். ஆனால் மிக மிகச் சிறிய பகுதி மட்டும் நிறம் மாறி வெளியே வரும். எவ்வளவு மாறுகிறது என்பது அந்தத் திரவத்தின் மூலக்கூறைப் பொறுத்தது. அந்த மூலக்கூறின் கைரேகை மாதிரி. இன்று மருந்தில் கலப்படம் இருக்கிறதா, ரத்தினக் கல் அசல்தானா என்று கண்டுபிடிக்க இந்தத் தத்துவம்தான் பயன்படுகிறது.

இதைப் பார்க்க அன்று பெரிய கருவிகள் இல்லை. சூரிய ஒளி, வடிகட்டும் வண்ணக் கண்ணாடிகள், மிகச் சுத்தமாக வடித்தெடுத்த திரவங்கள். முதல் கண்ணாடி ஒரு நிறத்தை மட்டும் உள்ளே விடும். இரண்டாவது கண்ணாடி அந்த நிறத்தை முழுசாகத் தடுத்துவிடும். இரண்டையும் தாண்டி வெளிச்சம் தெரிந்தால், நடுவில் எங்கோ நிறம் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

மங்கலான அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துப் பதிவு செய்யும் வேலையில் பிப்ரவரி தொடக்கம் முதல் முழுமூச்சாக இறங்கியவர் கிருஷ்ணன். ஒன்றிரண்டு இல்லை, சுமார் 60 திரவங்கள் சோதிக்கப்பட்டன. அன்றன்று நடந்ததை அவர் தன் நாட்குறிப்பிலும் எழுதிவைத்தார். பிப்ரவரி 28-ல் நிறமாலை காட்டி வழியாகப் பார்த்தபோது, மாறிய நிறம் தனிக் கோடாகப் பிரிந்து தெரிந்தது.

தபால்தலை ஒட்டிப் போன கண்டுபிடிப்பு

இதற்கு அடுத்து நடந்ததுதான் முக்கியம். ராமனும் கிருஷ்ணனும் சேர்ந்து எழுதிய குறிப்பு பிப்ரவரி 16 தேதியிட்டு லண்டன் 'நேச்சர்' இதழுக்குப் போனது. அது மார்ச் 31-ம் தேதி இதழில் வெளியானது.

ஆனால் ராமன் லண்டனை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. பிப்ரவரி 29-ம் தேதியே செய்தி நிறுவனம் மூலம் விஷயம் வெளியே போனது. மார்ச் 16-ல் பெங்களூரில் தென்னிந்திய அறிவியல் சங்கத்தில் விரிவான உரை. அந்த உரை அதே மாதத்திலேயே 'இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' இதழில் அச்சானது. தனிப்பிரதிகள் உலகம் முழுக்க இருந்த இயற்பியலாளர்களின் முகவரிகளுக்குத் தபாலில் அனுப்பப்பட்டன. யாரும் கேட்கவில்லை, யாரும் சந்தா கட்டவில்லை.

படித்தவர்கள் தங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தார்கள். அமெரிக்காவில் ஆர்.டபிள்யூ. வுட் அதே சோதனையைச் செய்து, முடிவு சரிதான் என்று 'நேச்சர்' இதழுக்குத் தந்தி கொடுத்தார். ஜெர்மனியில் பீட்டர் பிரிங்ஷைம் இதற்கு 'ராமன் விளைவு' என்றே பெயர் வைத்துவிட்டார்.

மாஸ்கோவில் இருந்த போட்டியாளர்கள்

இதே நேரத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஸ்டாம் என்ற இரண்டு விஞ்ஞானிகள் குவார்ட்ஸ் படிகத்தில் இதே விளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முதலில் கண்டது பிப்ரவரி 21 என்று சொல்லப்படுகிறது. அதாவது கல்கத்தாவில் கோடு தெளிவாகத் தெரிந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பு.

ஆனால் அவர்களின் முதல் கட்டுரை ஜெர்மன் இதழ் ஒன்றில் வெளியானது ஜூலை மாதம். அதற்குள் கல்கத்தாவின் கட்டுரைகள் உலகம் சுற்றிவிட்டன. ரஷ்யர்களே தங்கள் கட்டுரையில் ராமனின் குறிப்பைச் சுட்டிக்காட்ட வேண்டியதாயிற்று. 1930-ல் இயற்பியல் நோபல் பரிசு ராமனுக்குப் போனது. இதற்கு இன்னும் பல காரணங்கள் உண்டு என்றாலும், சீக்கிரம் எழுதி, சீக்கிரம் அச்சிட்டு, எல்லோர் கையிலும் சேர்த்தது அவற்றில் முக்கியமான ஒன்று.

அப்போ, கிருஷ்ணனுக்கு ஏன் நோபல் இல்லை?

இன்றும் கேட்கப்படும் கேள்வி. ஒளிச்சிதறல் ஆய்வைப் பல ஆண்டுகளாகத் திட்டமிட்டு வழிநடத்தியவர் ராமன். கிருஷ்ணனுக்கு முன்பே அவருடைய மாணவர்கள் சிலர் இதன் தடயங்களைப் பார்த்திருந்தார்கள். மறுபக்கம், அந்த முக்கியமான நாட்களில் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து பார்த்தவர் கிருஷ்ணன். முதல் கட்டுரையில் அவர் பெயரும் இருந்தது. பரிசு ராமனுக்கு மட்டும் அறிவிக்கப்பட்டது. ராமன் தன் நோபல் உரையில் கிருஷ்ணனின் பெயரைக் குறிப்பிட்டார். கிருஷ்ணன் இதைப் பொதுவெளியில் ஒரு சர்ச்சையாக்கவில்லை.

யார் பக்கம் நியாயம் என்ற விவாதம் முடியாமல் இருக்கலாம். ஆனால் அந்த விவாதத்தை இன்று ஒருவர் ஊகத்தில் நடத்த வேண்டியதில்லை. கட்டுரைகளின் தேதி, அவற்றில் உள்ள பெயர்கள், கிருஷ்ணனின் நாட்குறிப்பு எல்லாம் பதிவில் இருக்கின்றன. அறிவியலில் கடைசி சாட்சி எழுத்துதான். அந்த எழுத்தைப் படிக்க முடிகிறவருக்குத்தான் தீர்ப்புச் சொல்லும் உரிமையும் கிடைக்கிறது.

டாக்காவில் தனி வழி

1928 டிசம்பரில் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே இயற்பியல் துறையில் இருந்தவர் சத்யேந்திர நாத் போஸ். இவருக்கும் இதே அனுபவம் உண்டு. 1924-ல் தன் கட்டுரையை நேரடியாக ஐன்ஸ்டைனுக்கே தபாலில் அனுப்பினார் போஸ். ஐன்ஸ்டைன் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட வைத்தார். போஸ்-ஐன்ஸ்டைன் புள்ளியியல் பிறந்தது இப்படித்தான். எல்லோருக்கும் ஓர் ஐன்ஸ்டைன் கிடைப்பாரா என்பது வேறு விஷயம்.

டாக்காவில் கிருஷ்ணன் ஒளியை விட்டுவிட்டுக் காந்தத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு சிறிய படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, காந்தப் புலத்தில் தொங்கவிடுவார். இழையின் மேல்முனையைத் திருகிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் படிகம் சட்டென்று திரும்பிவிடும். எவ்வளவு திருகினால் திரும்புகிறது என்பதை வைத்து, படிகத்தின் காந்தத் தன்மை திசைக்குத் திசை எப்படி மாறுகிறது என்று கணக்கிடலாம். அதிலிருந்து உள்ளே மூலக்கூறுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்றும் சொல்லிவிடலாம். செலவு குறைவு, துல்லியம் அதிகம்.

குகா, பானர்ஜி ஆகியோருடன் சேர்ந்து இதை எழுதிய கட்டுரை 1933-ல் ராயல் சொசைட்டியின் 'பிலசாஃபிக்கல் டிரான்ஸாக்ஷன்ஸ்' இதழில் வந்தது. லண்டனில் படிகங்களின் அமைப்பை எக்ஸ் கதிர் மூலம் ஆராய்ந்த கேத்லீன் லான்ஸ்டேலுக்கு இந்த முறை மிகவும் பயன்பட்டது. 1936-ல் இருவரும் சேர்ந்தே ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கட்டுரைகள் போய்ச் சேர்ந்ததால் உருவான கூட்டு அது.

1933-ல் கல்கத்தா திரும்பி ஐ.ஏ.சி.எஸ்.-ல் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியரானார் கிருஷ்ணன். 1942-ல் அலகாபாத் பல்கலைக்கழகம்.

டெல்லி: ஆய்வகத்துக்குள் ஓர் ஆவண மையம்

1947 ஜனவரியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். 1950 ஜனவரியில் சர்தார் படேல் திறந்துவைத்தார். இந்தியாவின் நேரம், நீளம், எடை ஆகியவற்றுக்கான அளவீட்டுத் தரங்களைக் காப்பது இந்த ஆய்வகம்தான். வாக்களித்தவர் விரலில் வைக்கும் அழியாத மையின் சூத்திரம் உருவானதும் இங்கேதான். இதன் முதல் இயக்குநராகக் கடைசி வரை இருந்தவர் கிருஷ்ணன்.

அப்போது சுதந்திர இந்தியாவில் புதிய ஆய்வகங்கள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. கட்டடம் கட்டலாம், கருவி வாங்கலாம். ஆனால் உலகம் என்ன எழுதிக்கொண்டிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எல்லா ஊரிலும் எல்லா இதழுக்கும் சந்தா கட்ட நாட்டிடம் அந்நியச் செலாவணி இல்லை.

இதற்காக 1952-ல் யுனெஸ்கோ உதவியோடு உருவானது இந்திய தேசிய அறிவியல் ஆவண மையம். சுருக்கமாக இன்ஸ்டாக். அது முதலில் இயங்கியது கிருஷ்ணன் இயக்குநராக இருந்த அதே ஆய்வகத்தின் வளாகத்தில்.

வேலை எளிமையானது, ஆனால் பெரியது. எங்கோ ஒரு கல்லூரியில் இருக்கும் ஆய்வாளர் கடிதம் எழுதி ஒரு கட்டுரை வேண்டும் என்பார். அது எந்த நூலகத்தில் இருக்கிறது என்று தேடிப் பிரதி எடுத்து அனுப்புவார்கள். ரஷ்ய, ஜெர்மன், ஜப்பானிய மொழிக் கட்டுரைகளை மொழிபெயர்த்தும் கொடுப்பார்கள். இந்தியாவில் என்னென்ன ஆய்வுகள் வெளியாகின்றன என்று பட்டியலும் போட்டார்கள். இணையம் இல்லாத காலத்தில், கட்டுரைக்கும் ஆய்வாளருக்கும் நடுவே இருந்த சுவரில் போட்ட ஓட்டை அது.

அந்த மையம் பிறகு வேறு அமைப்புகளோடு இணைந்து பெயர் மாறியது. இன்று சி.எஸ்.ஐ.ஆர்.-நிஸ்பர் என்ற பெயரில் இயங்குகிறது. தான் வெளியிடும் ஆய்விதழ்களை 'நோப்பர்' என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது.

சரி, ஓபன் ஆக்சஸ் என்றால் என்ன?

ஆய்வுக் கட்டுரை ஒன்று எப்படி உருவாகிறது என்று பார்த்தால் புரிந்துவிடும்.

ஆய்வுக்குப் பணம் கொடுப்பது பெரும்பாலும் அரசு, அதாவது மக்களின் வரிப்பணம். கட்டுரையை எழுதும் விஞ்ஞானிக்குப் பதிப்பகம் சம்பளம் தருவதில்லை. அது சரியா என்று பரிசீலிக்கும் சக விஞ்ஞானிகளும் பொதுவாகச் சும்மாதான் செய்கிறார்கள். வெளியான பிறகு அதே கட்டுரையைப் படிக்கப் பல்கலைக்கழக நூலகம் சந்தா கட்டணும். சந்தா இல்லாதவர் ஒரு கட்டுரைக்கே ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுக்க வேண்டிவரும்.

இணையம் வந்த பிறகு, பிரதி எடுக்கும் செலவே கிட்டத்தட்ட இல்லாமல் போனது. அப்புறம் ஏன் இந்தக் கட்டணம் என்ற கேள்வி எழுந்தது. 2002-ல் புடாபெஸ்ட் நகரின் பெயரில் வெளியான அறிக்கை, ஆய்வுக் கட்டுரைகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் கட்டணமின்றிப் படிக்க, பகிர, பயன்படுத்த வழி வேண்டும் என்று கேட்டது. 'ஓபன் ஆக்சஸ்' என்ற சொல் பரவியது அதற்குப் பிறகுதான். இந்தியாவில் இதற்காகத் தொடர்ந்து குரல் கொடுத்தவர்களில் ஒருவர், சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சுப்பையா அருணாச்சலம்.

இதில் மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, கட்டுரை எந்த இதழில் வந்தாலும், அதன் ஒரு பிரதியை விஞ்ஞானி தன் நிறுவனத்தின் பொதுக் களஞ்சியத்தில் போட்டுவைப்பது. அரசுப் பணத்தில் நடந்த ஆய்வுகளை இப்படி வைக்கணும் என்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014-ல் கொள்கை வகுத்தன.

இரண்டு, படிப்பவருக்குப் பதில் எழுதுபவர் பணம் கட்டுவது. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. 'நேச்சர்' இதழில் கட்டுரையை எல்லோருக்கும் திறந்து வெளியிட 2020-ல் அறிவிக்கப்பட்ட கட்டணம் 9,500 யூரோ. ராமனும் கிருஷ்ணனும் குறிப்பு அனுப்பிய அதே 'நேச்சர்'. படிக்கும் வாசலைத் திறந்துவிட்டு, எழுதும் வாசலில் கட்டணம் வைத்த மாதிரி.

மூன்று, இரண்டு பக்கமும் காசு கேட்காமல், ஒரு நிறுவனமோ கழகமோ செலவை ஏற்பது. ராமன் 1934-ல் தொடங்கிய இந்திய அறிவியல் கழகம் தன் இதழ்களை இன்று இணையத்தில் இலவசமாகத் தருவது இந்த வகை.

கிருஷ்ணனின் கட்டுரைகள் இன்று யார் கையில்?

இங்கே கதை கலவையானது. 2011-ல் ராயல் சொசைட்டி, 70 ஆண்டுகளுக்கு மேல் பழைய தன் கட்டுரைகளை எல்லோருக்கும் நிரந்தரமாகத் திறந்துவிட்டது. அதனால் கிருஷ்ணனின் 1933 கட்டுரையும், லான்ஸ்டேலுடன் எழுதிய 1936 கட்டுரையும் இன்று யாருடைய செல்போனிலும் இலவசமாகத் திறக்கும்.

'இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' இதழின் நிலை வேறு. அதன் பழைய தொகுதிகளை ஐ.ஏ.சி.எஸ். தன் இணையக் களஞ்சியத்தில் வைத்திருக்கிறது. ஆனால் அந்த இதழ் இப்போது ஸ்ப்ரிங்கர் என்ற பன்னாட்டுப் பதிப்பகம் வழியாக வெளியாகிறது. புதிய கட்டுரைகளில் பலவற்றைப் படிக்கச் சந்தா வேண்டும். உலகத்துக்கே தபாலில் இலவசமாகப் போன இதழ் அது.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும்; இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியில் இருந்து கணக்கு. கிருஷ்ணன் இறந்தது 1961. எனவே அவர் தனியாக எழுதியவை 2022 ஜனவரி 1 முதல் இந்தியாவில் பொதுச் சொத்து. இருவர் சேர்ந்து எழுதியிருந்தால், கடைசியாக இறந்தவரின் தேதிதான் கணக்கு. ராமன் இறந்தது 1970. ஆகவே இருவரும் 1928-ல் எழுதிய அந்த முதல் குறிப்பின் பதிப்புரிமை 2030 டிசம்பர் 31 வரை நீடிக்கும். ஒரு கட்டுரை வெளியாகி 102 ஆண்டுகள் கழித்து!

ஒரே நாடு ஒரே சந்தா: யார் உள்ளே, யார் வெளியே?

இந்தச் சிக்கலுக்கு மத்திய அரசு கொண்டுவந்திருக்கும் தீர்வு 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம். 2024 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள். மத்திய, மாநில அரசுகள் நடத்தும் 6,300-க்கும் மேற்பட்ட உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களில் இருக்கும் சுமார் 1.8 கோடி மாணவர்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள் பயன்பெறுவார்கள் என்பது அரசின் கணக்கு.

பெரிய முன்னேற்றம்தான். முன்பு பெரிய ஐ.ஐ.டி.க்களுக்கு மட்டும் கட்டுப்படியான இதழ்கள், சிறு நகரத்து அரசுக் கல்லூரிக்கும் வருகின்றன.

ஆனால் இது சந்தா, திறப்பு கிடையாது. அரசு நிறுவனத்தின் அடையாள அட்டை இருப்பவருக்குத்தான் கதவு திறக்கும். தனியார் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவி, படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் பட்டதாரி, கிராமத்துப் பள்ளி ஆசிரியர், தன் நோயைப் பற்றித் தானே தெரிந்துகொள்ள விரும்பும் நோயாளி, தென்னை வாடல் நோய்க்கு வழி தேடும் வத்திராயிருப்பு விவசாயி ஆகியோர் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். 2027-க்குப் பிறகு சந்தாவைப் புதுப்பிக்காவிட்டால், உள்ளே இருப்பவர்களுக்கும் கதவு மூடிவிடும்.

ஓபன் ஆக்சஸ் ஆதரவாளர்கள் கேட்பது இதுதான்: ஆண்டுக்கு 2,000 கோடி ரூபாயைப் படிப்பதற்கான வாடகையாகக் கொடுப்பதைவிட, அதில் ஒரு பகுதியை இந்திய இதழ்களையும் பொதுக் களஞ்சியங்களையும் பலப்படுத்தச் செலவிட்டால் என்ன? பதிப்பகங்களின் பதில், பரிசீலனை, தொகுப்பு, பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் செலவு இருக்கிறது. அதை யாராவது ஏற்கணும் என்பது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. செலவு உண்டு என்பதில் சண்டை இல்லை. அதை யார் தலையில் வைப்பது, அதற்காக யாரை வெளியே நிறுத்துவது என்பதில்தான் சண்டை.

இலவசமாகப் படிக்க என்ன வழி?

சந்தா இல்லாதவர்களுக்கும் சட்டப்படியான வழிகள் சில உண்டு. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் 'ஷோத்கங்கா' தளத்தில் இருக்கின்றன. சி.எஸ்.ஐ.ஆர். இதழ்கள் 'நோப்பர்' தளத்தில். 'கரன்ட் சயின்ஸ்' மற்றும் இந்திய அறிவியல் கழகத்தின் இதழ்கள் அவற்றின் சொந்த இணையதளங்களில். ராமனின் கட்டுரைகள் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தின் களஞ்சியத்தில். எதுவும் கிடைக்காவிட்டால், கட்டுரையை எழுதிய விஞ்ஞானிக்கே ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாம். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாக அனுப்பிவைப்பார்கள்.

1928-ல் கல்கத்தாவில் இருந்து தபாலில் போன தனிப்பிரதிகளும் அதே வழக்கம்தான். அன்றைக்கு அனுப்புகிறவர் தபால்தலைக்குச் செலவு செய்ய வேண்டியிருந்தது.